மூன்று முறை மூழ்க வேண்டும்

மூன்றாவது மேசைப் பக்கம் குனிந்து ஒரு பிள்ளையின் காதில் டீச்சர் என்னவோ ஓதுவதைப் பார்த்ததும் யுரேகாவுக்கு ரத்தம் கொதித்தது.

யுரேகா என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். பள்ளிப் பிள்ளைகள் தொட்டு, செய்து, தாங்களே கற்றுக்கொள்ளும்படி அறிவியல் விளையாட்டுகளை வடிவமைப்பது அவர் வேலை.

இன்றைய விளையாட்டு, களிமண்ணைத் தண்ணீரில் மிதக்க விடுவது. நமக்கு அது ஒரு வரி. யுரேகாவுக்கு அது நாற்பது நிமிடக் காவியம். அதற்கு அவர் வரைந்த திட்டப் படங்களை ஒட்டினால் விளையாட்டு மைதானத்துக்கே பந்தல் போடலாம்.

“மூணு தடவை முழுகினாத்தான் மூளை திறக்கும். நாலாவது தடவை தானா மிதக்கும்!” இது அவர் கண்டுபிடித்த தத்துவம். நம்பியவரும் அவர் ஒருவர்தான்.

ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் சோதனை ஊத்திக்கொண்டது. ஒன்றில் தண்ணீர் சரியில்லை என்றார். மற்றொன்றில் தொட்டி சரியில்லை என்றார்.

காலையில் வகுப்பு வாசலிலேயே மேலாளர் சொல்லிவிட்டார்: “இன்னைக்கும் சொதப்பினா, திங்கட்கிழமை உங்களுக்குக் கிடங்குலதான் வேலை.”

ஆனால் இன்று நடந்தது அதிசயம்.

“ஐயய்யோ, முங்கிடுச்சே!”

“மறுபடியும் போச்சுடி!”

ஒரு சிறுவன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு சிறுமி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த யுரேகாவுக்குப் புல்லரித்தது. ‘தவிப்பு: மிக நன்று’ என்று குறித்துக்கொண்டார்.

நாற்பதாவது நிமிடம், எட்டு மேசையிலும் எட்டுக் களிமண் கிண்ணங்கள் மிதந்தன. ஒரே கைதட்டல்.

மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அசத்திட்டீங்க! எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிடலாம்.”

வேறு யாராவதாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

“இல்லை சார், ஒரு முறைகேடு நடந்திருக்கு. சோதனை நேரத்துல பெரியவங்க வாயே திறக்கக் கூடாது. இந்த டீச்சர் மேசை மேசையாப் போய்க் காதுல விடையை ஊதினாங்க!”

டீச்சர் பதறினார். “நான் விடை சொல்லலைங்க. விட்டுடுங்களேன்.”

“பார்த்தீங்களா சார், முழிக்கிறதை!”

“அதான் நல்லபடியா முடிஞ்சுதே, விடுங்க” என்றார் மேலாளர்.

“எப்படி விடறது? அறிவியலுக்கு உண்மைதான் சார் உயிர்! அது வெளியே வந்தே ஆகணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்ட சிறுமியைக் கூப்பிட்டார்.

“பயப்படாம சொல்லும்மா. டீச்சர் உன் காதுல என்ன சொன்னாங்க?”

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ‘வேண்டாம்’ என்று தலையாட்டினார்.

“சொன்னா டீச்சரைத் திட்டுவீங்களா?”

“உண்மையைச் சொன்னா யாரையும் திட்ட மாட்டேன். மேலாளர் சாருக்கும் கேக்கற மாதிரி, சத்தமா சொல்லு.”

சிறுமி மூச்சை இழுத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்:

“கிண்ணம் மாதிரி செஞ்சா மிதக்கும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும் மாமா. டீச்சர்தான், ‘பாவம், அவர் வேலை போயிடும் போலிருக்கு, நாப்பது நிமிஷம் ஆகற வரைக்கும் யாரும் மிதக்க விட்டுடாதீங்க’ன்னு கெஞ்சினாங்க!”