பார்வையாளர்: ஒருவர்

திரையின் மூலையில் எண் ஒன்று என்று காட்டியது.

முதல் நாள் எண்ணூறு பேர் வந்தார்கள். வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்களுக்கு எங்கள் அருங்காட்சியகத்தின் நேரலை நல்ல வேடிக்கையாக இருந்தது. பிறகு நூறு, பிறகு நாற்பது. ஆறாவது வாரம், மாலை நாலு மணிக்கு, ஒன்று.

அந்த ஒன்று யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மகள்.

ஐந்து வயது. அவள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது.

இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நோய் பரவி எல்லாவற்றையும் மூடியபோது, மரமும் துணியுமாக இருக்கும் பழம்பொருட்களைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள நாங்கள் ஐந்து பேர் உள்ளேயே தங்கினோம். எங்களை மாற்றிவிட வேண்டியவர்கள் இன்னும் வந்தபாடில்லை. சொன்ன தேதி தாண்டிப்போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதும் மகள் போனில் பேச வருவதையே விட்டுவிட்டாள். என் குரல் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். ஆனால் நேரலையை மட்டும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள் என்று கணவர் சொன்னார்.

அழுத்தக்காரி. அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

தேநீர்த் தள்ளுவண்டியில் போனைக் கட்டி, அதைத் தள்ளிக்கொண்டே அறை அறையாகப் போவேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நேரில் வந்தால்கூடப் பார்க்க முடியாத அடிப்பக்கம், உள்பக்கம் எல்லாம் காட்டுவேன்.

எப்படிக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவர் இயக்குநர். எந்தப் பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவர் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் பூட்டு. கேமராவில் உறை போட்ட கை மட்டும்தான் தெரியலாம், முகம் கூடாது, சொந்தக் கதை கூடவே கூடாது. ஒரு மரப்பொம்மை ஆணா பெண்ணா என்று இரண்டு பார்வையாளர்கள் அடித்துக்கொண்ட பிறகு கருத்துப் பெட்டியையும் மூடிவிட்டார். பார்ப்பவர்கள் இதயக் குறியை மட்டும் அமுக்கலாம்.

அவருக்கே இப்போது காய்ச்சல். நாலு நாளாக மாடி அறையில் தனியாகக் கிடக்கிறார். பூட்டுக்கே பூட்டு என்று முதல் நாள் நாங்கள் சிரித்தோம்.

அன்று நான் எடுத்தது ஒரு குழந்தையின் தோல் செருப்பு. ஒற்றைச் செருப்புதான் கிடைத்திருக்கிறது. முந்நூறு வருடப் பழசு.

நீளம் பதினைந்து சென்டிமீட்டர் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். என் மகளின் கால் அதைவிட ஒரு விரற்கடை பெரியது. அது ஆறு வாரத்துக்கு முந்தைய அளவு. இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

அதற்கு மேல் செருப்பைப் பற்றிப் பேச வரவில்லை.

போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். முகக்கவசத்தைக் கழற்றினேன்.

"பாப்பா, நீதானே? நீன்னா அந்த இதயத்த ஒரு தடவ அமுக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிவப்பு இதயம் மெதுவாக மேலே ஏறியது.

அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். என் பையில் தவறி வந்துவிட்ட அவளுடைய முடி கிளிப்பைத் தினமும் நானே குத்திக்கொண்டு தூங்குவதைச் சொன்னேன். காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் அவளைத் தேடிக் கை துழாவுவதைச் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். உடனே ஓர் இதயம் வந்தது.

கேட்க வேண்டியதைக் கடைசியாகத்தான் கேட்டேன்.

"அம்மா மேல கோவம் போயிடுச்சா? போயிருந்தா அமுக்கு."

வரவில்லை.

எண் மட்டும் ஒன்றிலேயே நின்றது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அந்த ஐந்து நிமிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சரி என்று சொல்லிவிட்டு நேரலையை முடித்தேன்.

கணவரின் குறுஞ்செய்தி அதற்குள் வந்து கிடந்தது. காலையிலிருந்து வீட்டில் இணையமே இல்லையாம். நாலு மணிக்கு என்னைப் பார்க்க முடியவில்லை என்று அழுது அழுது மகள் தூங்கிவிட்டாளாம்.

இரண்டு தடவை படித்தேன். எனக்காக அழுதிருக்கிறாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அடுத்த கணமே உடம்பு கூசியது. அப்படியானால் நான் யாரிடம் அழுதேன்?

இரவுச் சாப்பாட்டை மாடிக்கு எடுத்துப்போவது அன்று என் முறை. இயக்குநரின் அறைக்கு வெளியே மதியம் வைத்த தட்டு மூடிகூடத் திறக்காமல் இருந்தது. புதுத் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"நாளைக்கும் முகத்தக் காட்டியே பேசும்மா" என்றது உள்ளிருந்து வந்த கம்மிய குரல்.

இத்தனை வருடத்தில் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. என் மகள் அமுக்க வேண்டிய இதயத்தை இவர் எப்படி அமுக்கலாம்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. குனிந்து மதியத் தட்டைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தேன். சோறு காய்ந்து கட்டியாகியிருந்தது.

சாப்பிட்டேன் என்று அவர் இதயத்தை அமுக்கியது பொய். தான்தான் பாப்பா என்று அமுக்கியதும் பொய். கோபம் போய்விட்டதா என்ற கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதிலாக அவர் கை வைக்கவில்லை.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றேன்.

கதவு திறந்து, தட்டு உள்ளே போகும் சத்தம் கேட்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.