கூடு மாற்றும் படிவம்

ஆபீஸ் வாசலில், மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வனவிலங்கு அதிகாரியிடம் சலூன்காரர் பொரிந்து தள்ளினார்.

"கடையைப் பூட்டி பதினெட்டு நாளாச்சு சார்! கடைப் பெயர்ப் பலகைக்குப் பின்னாடி ஒரு பறவை கூடு கட்டினதுக்கு நான் வயித்துல ஈரத்துணி கட்டணுமா? நீங்க பாட்டுக்கு ஜாலியா காத்து வாங்கறீங்க!"

"அது அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்யா. குஞ்சு பறக்குற வரைக்கும் இருபதடிக்குள்ள ஆள் போகக் கூடாது. யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்."

"கூட்டை வேற இடத்துக்கு மாத்தலாமே?"

"தாராளமா. அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. எழுதிக் குடுத்தா மறுநாளே மாத்திடுவோம்."

"அப்ப ஒண்ணு குடுங்க சார், இங்கயே எழுதறேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டார்.

"படிவமெல்லாம் உள்ள, என் ரூம் பீரோவுல இருக்கு. ரூமை நானே பூட்டி ஒரு மாசமாச்சு. பீரோ மேல அதே ஜாதிப் பறவை ஒண்ணு அடைகாக்குது!"