பெரின் கிழவியின் பெட்டி

சவப்பெட்டியைத் தோளில் ஏற்றியதுமே தச்சன் ஆன்செல்முக்குத் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆறு பேர் தூக்கியும் அந்தக் கனம். உள்ளே கிடக்கும் பெரின் கிழவியோ, போர்ப் பஞ்சத்தில் கிழங்குக் கஞ்சி குடித்தே எலும்பும் தோலுமாய்ச் செத்தவள். வலேர்மோன் ஊருக்கே அது தெரியும்.

மற்றது தூக்குகிற ஆறு பேருக்கு மட்டும்தான் தெரியும். கிழவியின் காலடியில் டாக்டர் ஒபெர்லேயின் வெண்கலச் சிலை கிடந்தது. தலையும் மார்பும் மட்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மனுஷர். செத்து முப்பது வருஷமாய்ச் சந்தைச் சதுக்கத்தில் நின்றவர். இப்போது நாட்டைப் பிடித்த ஜெர்மன்காரன் பீரங்கி வார்க்க வெண்கலம் கேட்கிறான்.

யோசனை கிழவியுடையது. சாகுமுன் ஆன்செல்மிடம் அவளே சொன்னாள்.

"நாலு புள்ளைக்கும் வந்து நின்னாருய்யா, காசே வாங்கல. எம் பெட்டியில எடம் இருக்கு, படுக்க வச்சிரு. ஊரு என்ன பேசுனா என்ன, நாந்தான் போயிருவேனே."

கல்லறைக்குச் சதுக்கத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே வெறும் பீடத்துக்கு எதிரே, ஜெர்மன்காரனுக்காகச் சிலையை அள்ள லாரியோடு வந்த உள்நாட்டு அரசு அதிகாரி காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆன்செல்ம் அவரைப் பார்க்கவும் பயந்தான், பார்க்காமல் இருக்கவும் பயந்தான். பெட்டியைத் திறந்தால் ஆறு பேரும் சிறைமுகாமுக்குத்தான்.

அதிகாரி எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துக் கால் பக்கம் பிடித்திருந்த ரொட்டிக்கார தெயோதூலுக்கு முட்டி மடங்கியது. பாவி மனுஷன். அதிகாரி ஓடிவந்து அவன் இடத்தில் தோள் கொடுத்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பத்தடி நடந்ததும் கேட்டார்: "இந்தப் பக்கம் இவ்வளவு கனக்குதே?"

"பச்சை மரம் ஐயா. காய்ஞ்ச ஓக் மரத்துக்கு இப்ப எங்க போறது?" என்றான் ஆன்செல்ம்.

அவர் திரும்பி வெறும் பீடத்தை ஒருமுறை பார்த்தார். அதுதான் ஆன்செல்மை வாட்டியது.

குழிக்குள் பெட்டி இறங்கியது. ஒவ்வொருவராய் வந்து, இலைக்கொத்தைப் புனித நீரில் தோய்த்து, இறந்தவளுக்காகச் சிலுவை போட்டு ஒருமுறை தெளித்துவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசியாக அதிகாரி வந்தார். தலைப்பக்கம் நின்று தெளித்தார்.

ஆன்செல்ம் மூச்சு விட்டான்.

அவர் கொத்தைக் கீழே வைக்கவில்லை. மறுபடி நீரில் தோய்த்து, குழியைச் சுற்றி நடந்து, கால்பக்கம் வந்து நின்று, அங்கேயும் ஒரு சிலுவை போட்டுத் தெளித்தார்.