பழஞ்சேலைச் சீர்

உலகச் சண்டையால் துணிக்குப் பஞ்சம் வந்த வருஷம் அது. தையலம்மாள் தன் பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று தங்கை எல்லம்மாள் வரவில்லை. பழஞ்சேலையை மடித்துத் தைத்த விரிப்பு ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தாள்.

"உன் தங்கச்சி சீரு ரொம்பப் பெருசுடி!" என்று நாத்தனார் அதை எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டினாள். தையலம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று.

அறுப்பு முடிந்ததும், சீர் என்றால் என்னவென்று தங்கைக்குக் காட்ட, கூடை நிறையப் புது அரிசியைத் தலையில் சுமந்து பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போனாள்.

கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டதும் உள்ளிருந்து எல்லம்மாளின் குரல் மட்டும் வந்தது.

"அக்காவா? வேலியில சீலை காயுது பாரு, எடுத்துக் குடு."

ஒட்டுமேல் ஒட்டுப்போட்ட கந்தல் அது.

"வேற சீலை இல்லியாடி?"

"நல்லதா ஒண்ணு இருந்திச்சி. அதைத்தான் புள்ளைக்கு மெத்துனு இருக்கட்டும்னு தச்சி அனுப்பிட்டேனே. இந்தக் கிழிசலோட வந்து, உன் மாமியார் வூட்டுல உன்னைத் தலைகுனிய வைக்கவா?"

சேலையைக் கதவிடுக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டு எல்லம்மாள் சிரித்தபடி வெளியே வந்தாள்.

"இன்னாக்கா, சுமையோட நிக்கிற? கூடையை எறக்கு."

தையலம்மாள் இறக்கவில்லை. கூடைக்கு அடியில் அவள் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தது அந்த விரிப்பைத்தான்.