கோட்டுக்குக் கீழே இருபத்துநான்கு

“கீழ எழுதினத அழிங்க. பின் பெஞ்சையும் சேர்த்து எண்ணுங்க.”

சொல்லியே விட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைமையாசிரியை எச்சரித்திருந்தார், இதைப் பற்றி மட்டும் பேசிவிடாதே என்று. பின் பெஞ்சில் இருப்பவர்கள் கட்டணம் கட்டாத பிள்ளைகள். உட்காரலாம், பாடம் கேட்கலாம். குரூப் போட்டோ, பரிசு, ஆண்டுவிழா என்று வந்தால் அந்த பெஞ்சு கணக்கில் கிடையாது.

இன்று அவர் கதவோரம் நாற்காலி போட்டு என் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. மின்விசிறி தூக்கத்தில் புரள்வதுபோலச் சுற்றியது. ஜன்னல் வழியே சரிந்த வெயிலில் சாக்பீஸ் தூள் இறங்க மனமில்லாமல் மிதந்தது. பிள்ளைகளின் கண்கள் பாதி எங்கோ போயிருந்தன. கரும்பலகையில் நான் இழுத்த கோடுகூட அந்த வெளிச்சத்தில் குளத்து நீர்மட்டம்போல மெல்ல அசைந்தது.

பின்னம்.

கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி. எத்தனை பங்கை எடுத்தோம் என்று சொல்லும். கீழே இருப்பது பகுதி. மொத்தம் எத்தனை சம பங்கு என்று சொல்லும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஜன்னலோரம் இருப்பவர்கள் இந்த வகுப்பில் எவ்வளவு?

சிலேட்டுகள் உயர்ந்தன. மேலே எட்டு. கீழே இருபத்துநான்கு.

அறையில் இருந்ததோ முப்பது தலைகள்.

முன்வரிசைக்காரர்கள் அப்படி எழுதியதைக்கூடப் பொறுத்திருப்பேன். பின் பெஞ்சின் ஆறு சிலேட்டிலும் அதே இருபத்துநான்கு. அதுவும் முத்து முத்தாக.

அங்கேதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

யாரும் அழிக்கவில்லை. எல்லோரும் கதவோர நாற்காலியைப் பார்த்தார்கள்.

முன்பல் விழுந்ததால் ஓட்டைப்பல்லி என்று வகுப்பே கூப்பிடும் பின் பெஞ்சுப் பெண்ணை எழுப்பி, எண்ணச் சொன்னேன். அவள் விரலை நீட்டி, காற்றிலேயே ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வந்தாள், கனவில் நடப்பவள்போல. இருபத்துநான்கில் விரல் நின்றது.

“அப்போ நீ?”

“நாங்க ஃப்ரீ, டீச்சர்.” இதுகூடத் தெரியாதா என்கிற சிரிப்பு அவளுக்கு. வகுப்பும் சிரித்தது.

நான் பலகையில் கோட்டுக்குக் கீழே முப்பது என்று எழுதினேன். சாக்பீஸ் ஒடிந்தது. கீழே இருப்பது பொய்யென்றால் மேலே எதை எழுதினாலும் பொய்தான்.

தலைமையாசிரியை எழுந்து என் பக்கத்தில் வந்தார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“இருபத்துநாலுன்னு மாத்திடும்மா. உன் வேலை ஆர்டர்ல கையெழுத்துகூடப் போட்டு வச்சிட்டேன்.”

அவர் குரலைத் தணித்து, பிள்ளையைக் கொஞ்சுவதுபோலச் சொன்னார்.

“உன்னையும் அந்த பெஞ்சுலதானடி உக்கார வச்சேன். கெட்டா போயிட்ட?”

ஓட்டைப்பல்லி எச்சில் தொட்டுத் தன் சிலேட்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

நான் மிச்சமிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். நீளமான மாடி வராந்தா, பிறகு படிகள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல்கள், தூக்கத்தில் கேட்பதுபோல.

வாசலில் காவலாளி எழுந்து நின்றார்.

“அண்ணே, கல்வி அதிகாரி ஆபீஸுக்கு எப்படிப் போகணும்? ஒரு புகார் கொடுக்கணும்.”

வழி எனக்குத் தெரியும். மாடியில் என் வகுப்பு ஜன்னல்வரை கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.