மாஸ்டர் கேட்ட ஃபேன்

"சத்தம் போடற ஃபேனா?" கம்ப்யூட்டர் கடைக்காரம்மா தன் காதையே நம்பாமல் கேட்டார்.

"ஆமா மேடம். நல்லா இரைச்சலா இருக்கணும்" என்றார் டிராயிங் மாஸ்டர்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போன மாதம்தான் இதே மாஸ்டர் இதே ஸ்டூலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டருக்குப் பாகம் பாகமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவிட்டுப் போயிருந்தார். கையில் இருப்பது கொஞ்சம்தான் என்பதால் ப்ராசஸர் நடுத்தரம், கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட், கலர் லைட்டெல்லாம் கிடையாது. ஒன்றில் மட்டும்தான் மனிதர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

"ஸ்கூல்ல ஒரு வகுப்புக்கு நாப்பது வாய் மேடம். வீட்டுல இந்த ஒரு மெஷினாவது வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லி, மெஷின் சூடாகாமலிருக்க உள்ளே மாட்டுகிற ஃபேனை மட்டும் இருப்பதிலேயே சத்தமில்லாததாகத் தேர்ந்தெடுத்தவர்.

அவர்தான் இன்று இப்படி!

கடைக்காரம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். "சார், இதோ உங்க லிஸ்ட். ஃபேனுக்குப் பக்கத்துல நீங்களே ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கீங்க."

"அதை அடிச்சிடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"ஊர்ல எல்லாரும் சத்தம் வேணாம்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க சார்!"

"சொல்லுங்கக்கா, நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர் கனவுலேயே இருந்தார். வாங்கப் போற நேரத்துல புத்தி பிசகிப் போச்சு."

மாஸ்டர் எதையும் காதில் வாங்கவில்லை. ஃபேன்களை ஒவ்வொன்றாக ஓடவிடச் சொல்லி, டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"இது முணுமுணுக்குது. வேணாம்."

"இது?"

"இது பெருமூச்சுதான் விடுது. இன்னும் கொஞ்சம் தைரியமா ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கழித்துப்போட்ட சாமான்கள் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பழைய ஃபேனை எடுத்தார். யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. வயரைச் சொருகியதுதான் தாமதம், மேஜை மேலிருந்த பில்லெல்லாம் பறந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணி மோட்டார் ரிப்பேரும் ஆரம்பிச்சாச்சா?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "இதேதான் மேடம்! இதை ஹால்ல வெச்சா உள் ரூம் வரைக்கும் கேக்குமா?"

"தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"அப்போ இதையே மாட்டிடுங்க."

"காத்து நல்லாத்தான் அடிக்கும், மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்குக் காசும் வேணாம். ஆனா யார் கேட்டாலும் என் கடையில வாங்கினதா மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் கடைக்காரம்மா. சும்மா கிடைக்கிறது என்றதும் விழுந்துவிட்டார் மனுஷன், இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம், எல்லாவற்றையும் மாட்டி முடித்த கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்காரம்மாவே மாஸ்டரின் வீட்டுக்குப் போனார். சின்ன வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பால்கனி. அந்தப் பால்கனியில் ஒரு பாய், தலையணை, இரண்டு கம்பளி.

"அங்கே யார் படுக்கறாங்க?"

"எங்கப்பாக்கா. எங்களோடவே இருங்கன்னு கூட்டிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு" என்றாள் மனைவி. "முதல் ரெண்டு நாள் ஹால்லதான் படுத்தார். அப்புறம் காத்து வேணும்னு பால்கனிக்குப் போயிட்டார். குளிர்ல காலையில பல்லு கிடுகிடுங்குது. உள்ளே வாங்கப்பான்னு நானும் இவரும் கெஞ்சாத நாள் இல்ல. கேக்கவே மாட்டேங்கறார்."

ஹால் மூலையில் கம்ப்யூட்டரை வைத்துக் கடைக்காரம்மா சுவிட்சைப் போட்டார்.

வீடே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கூடச் சேர்ந்து பாடியது.

"ஐயோ, நிறுத்துங்க! இதோட எப்படிக் குடும்பம் நடத்தறது?" காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள் மனைவி.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மாமனார் வந்தார். ஒல்லியான மனிதர். ஓரமாகவே நடந்து வந்து, கதவோரமாகவே நின்றார்.

"என்ன மாப்பிள்ளை இது, இந்த உறுமு உறுமுது?"

"மலிவா வாங்கினது மாமா, அப்படித்தான் இருக்கும்." மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கேமெல்லாம் டவுன்லோட் ஆகணும். ராத்திரி பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கும். நாங்க பழகிக்கணும், வேற வழியில்ல."

"ராத்திரி பூராவா?"

"விடிய விடிய மாமா."

மாமனார் மெல்ல ஹாலுக்குள் வந்தார். கம்ப்யூட்டர் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார். ரூம் கதவு வரை போய் அங்கே நின்றும் கேட்டார். மூன்று வாரமாகக் காணாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. நேராகப் பால்கனிக்குப் போய்ப் பாயைச் சுருட்டினார்.

"எங்கேப்பா கிளம்பிட்டீங்க?" மகள் பதறினாள்.

"எங்கேயும் இல்லம்மா, இன்னிக்கு இங்கேயே படுத்துக்கறேன்" என்று ஹாலின் நடுவில் பாயை விரித்தார் மாமனார். "இந்தச் சத்தத்துல என் குறட்டை யாரை எழுப்பிடப் போகுது?"