ஊதாதீர்கள்

சின்ன வயதில் வீடியோ கேம் கேசட்டை ஊதி ஊதிச் செருகிய பழக்கம். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றதும் அதன் சர்க்யூட் கார்டைக் கழற்றி ஒரு ஊது ஊதினேன். ஜப்பான்கார என்ஜினியர் மோரிதா தலையில் அடித்துக்கொண்டார். அவர் சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. கோபம் வந்தால் தமிழ்தான்.

"அதே கேசட் ஊது! அந்த கேசட் பண்ற கம்பெனியிலதான்யா நான் இருந்தேன். 'ஊதாதீங்க, துரு பிடிக்கும்'னு கேசட் பின்னாடி எழுதினதே நான்தான். பிரேசில் போனா ஊதுறான், போலந்து போனா ஊதுறான், இங்கயும் ஊதுற! யாருய்யா சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். ஊதினா ஓடும்."

பல்லைக் கடித்தபடி கார்டைப் பிடுங்கி, துணியால் துடைத்துச் செருகினார். ஓடவில்லை. மறுபடி துடைத்தார். ஓடவில்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"போய் அந்தக் கதவைச் சாத்துய்யா."